தூசிக்கு சிலிண்டர் கிடையாது

மணலியிலோ வேளச்சேரியிலோ இருக்கிற மாதிரியான காற்றுத்தரக் கண்காணிப்பு நிலையம் என்பது ஒரு சின்ன ஏசி அறை, அவ்வளவுதான். அடுக்கில் நாலைந்து கருவிகள், கூரையைத் துளைத்து மேலே போகும் குழாய்கள், சுவரோரம் சங்கிலி போட்டுக் கட்டிய, அளவு தெரிந்த வாயு அடைத்த சிலிண்டர்கள். கருவி எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும், அது காட்டும் வாயு அளவை நம்பலாமா கூடாதா என்பதைப் பெரும்பாலும் அந்த சிலிண்டர்கள்தான் முடிவு செய்கின்றன. ஆனால் தூசிக்கு அப்படி ஒரு சிலிண்டர் இல்லை. நாம் அதிகம் பயப்படுவதும், செய்திகளில் அதிகம் அடிபடுவதும் அந்தத் தூசிதான்.

முதலில் எளிதானதைப் பார்ப்போம். சல்ஃபர் டை ஆக்சைடு அளக்கும் கருவி, உள்ளே வரும் காற்றின் மீது புற ஊதாக் கதிரைப் பாய்ச்சுகிறது. அந்த வாயுவின் மூலக்கூறுகள் கதிரை வாங்கிக்கொண்டு மங்கலாக ஒளிர்கின்றன. அந்த ஒளியைக் கருவி மின் சைகையாக மாற்றுகிறது. இத்தனை சைகைக்கு இத்தனை வாயு என்று கருவிக்கு யாராவது சொல்லித்தர வேண்டும். அதுதான் கேலிப்ரேஷன், தமிழில் அளவுத்திருத்தம்.

செய்முறை இப்படி. முதலில் கரித்தூள் போன்றவற்றின் வழியாகச் செலுத்தி, வாயு எல்லாம் நீக்கப்பட்ட சுத்தமான காற்றைக் கருவிக்குக் கொடுப்பார்கள். அப்போது கருவி பூஜ்யம் காட்ட வேண்டும். அப்புறம் சிலிண்டரைத் திறப்பார்கள். அதில் பத்து லட்சத்துக்கு 50 பங்கு வாயு இருப்பதாகச் சான்றிதழ் சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 10 மில்லி லிட்டர் சிலிண்டர் வாயுவை 5 லிட்டர் சுத்தக் காற்றோடு கலந்தால், நூறு கோடிக்கு ஏறத்தாழ 100 பங்கு கிடைக்கும். கருவி 92 காட்டினால் அதன் பெருக்கு எண்ணைத் திருத்த வேண்டும். ஆனால் உடனே கை வைக்கக் கூடாது. இந்த வாயு, குழாயின் உட்சுவரில் ஒட்டும் குணம் உடையது. டெஃப்லான் குழாயாக இருந்தாலும் அளவு மெல்ல மெல்ல ஏறித்தான் நிலைக்கும். பொறுமையில்லாமல் பாதியிலேயே திருத்திவிட்டால் அதன் பிறகு வரும் அத்தனை அளவுகளும் கூடுதலாகவே வரும்.

ஓசோனை சிலிண்டரில் அடைத்து வைக்க முடியாது, கொஞ்ச நேரத்தில் ஆக்சிஜனாக மாறிவிடும். அதனால் அந்த இடத்திலேயே தயாரித்து, அது 254 நானோமீட்டர் புற ஊதா ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று பார்த்து அளப்பார்கள். இங்கே எடைக்கல் என்பது ஒரு எண்தான். ஓர் ஓசோன் மூலக்கூறு எவ்வளவு ஒளியைப் பிடிக்கும் என்ற எண் அது. 1961-இல் அளந்த மதிப்பையே உலகம் பல பத்தாண்டுகள் பயன்படுத்தி வந்தது. அண்மையில் அதைச் சுமார் 1.2 சதவீதம் குறைத்திருக்கிறார்கள். பிடிப்பு குறைவு என்றால், அதே ஒளி இழப்புக்கு அதிக மூலக்கூறுகள் தேவை. ஆக காற்றில் எதுவும் மாறாமலே, புதிய எண்ணுக்கு மாறும் நிலையத்தில் ஓசோன் கணக்கு சுமார் 1.2 சதவீதம் கூடும். வருங்காலத்தில் யாராவது வரைபடத்தைப் பார்த்து ஓசோன் எகிறிவிட்டது என்று கிளம்பாமல் இருக்க வேண்டும்!

சரி, தூசிக்கு வருவோம். 2.5 மைக்ரோமீட்டருக்கும் சிறிய துகள்களைத்தான் பிஎம் 2.5 என்கிறோம். அவற்றை சிலிண்டரில் அடைத்தால் சுவரில் ஒட்டும், ஒன்றோடொன்று சேரும், அடியில் படியும். தவிர, தூசி என்பது ஒரே பொருளும் அல்ல. டீசல் கரி, கடல் உப்பு, சாலை மண், சல்ஃபேட் எல்லாம் அதில் அடக்கம். அதனால் இங்கே மூல அளவு என்பது ஒரு பொருள் இல்லை, ஒரு செய்முறை. வடிதாள் வழியே 24 மணி நேரம் காற்றை இழுத்து, முன்னும் பின்னும் எடை போட்டுக் கழிப்பதுதான் அது.

இழுக்கும் வேகம் நிமிடத்துக்கு 16.67 லிட்டர். விசித்திரமான எண்ணாகத் தோன்றும், ஆனால் மணிக்குச் சரியாக ஒரு கன மீட்டர் வருகிறது. நாளுக்கு 24 கன மீட்டர். இந்தியாவின் 24 மணி நேர வரம்பு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம். அந்த வரம்பைத் தொட்ட நாளில் தாளில் சேரும் தூசி மொத்தம் 1.44 மில்லிகிராம். இதை நம்பி எடை போட, மைக்ரோகிராம் காட்டும் தராசு வேண்டும். தாளை முன்னும் பின்னும் ஒரே வெப்பத்தில், ஒரே ஈரப்பதத்தில் ஒரு நாள் வைத்திருக்க வேண்டும். தாளில் ஏறிய நிலைமின்சாரத்தைப் போக்க வேண்டும், இல்லையென்றால் தராசு ஆடிக்கொண்டே இருக்கும். இவ்வளவு செய்தும், அம்மோனியம் நைட்ரேட் போன்றவை வெயிலில் தாளிலிருந்து ஆவியாகிப் பறந்துவிடுகின்றன. சட்டம் ஏற்றுக்கொள்ளும் உண்மை அளவிலேயே இந்த ஓட்டை உண்டு.

மணிக்கொரு தரம் எண் தரும் தானியங்கிக் கருவிகளில் பல, தாள் நாடாவில் தூசியைப் படியவைத்து, கார்பன்-14 வெளியிடும் பீட்டா கதிர் அதில் எவ்வளவு தடுக்கப்படுகிறது என்று பார்க்கின்றன. கார்பன்-14-இன் அரை ஆயுள் 5,730 ஆண்டுகள், அதனால் கதிர்மூலம் மங்கும் என்ற கவலை இல்லை. எடை தெரிந்த ஒரு மெல்லிய தகட்டைக் குறுக்கே வைத்துக் கருவியைச் சோதிப்பார்கள். தகடு சரியாகக் காட்டினால் எல்லாம் சரி என்று நினைப்பவர்கள் உண்டு. என்னைக் கேட்டால், இந்தச் சோதனை பாதிதான். கதிரும் கணக்கும் சரியாக இருக்கின்றன என்றுதான் தகடு சொல்லும். காற்று சரியாக வருகிறதா என்று சொல்லாது.

பெரும்பாலான தொல்லை காற்றோட்டத்தில்தான். பெரிய துகள்களைப் பிரித்தெடுக்கும் சுழல் அறையில் காற்று வேகமாகத் திரும்பும்போது, கனமானவை திரும்ப முடியாமல் சுவரில் மோதி விழும். பம்பு களைத்து ஓட்டம் குறைந்தால் சுழற்சி தளரும், விழ வேண்டியவையும் உள்ளே போகும். அப்போது கருவி அளப்பது பிஎம் 2.5 ஆகவே இருக்காது. இன்னொன்று, நாடாவை அழுத்தும் முனையில் தாள் நார் ஒட்டிக்கொள்ளும். அந்த இடுக்கு வழியாக அறையின் ஏசி காற்று நுழைந்து, வெளிக்காற்று சுத்தமாக இருப்பது போல் காட்டும். இதற்கு மருந்து, பஞ்சு சுற்றிய குச்சியும் கொஞ்சம் ஆல்கஹாலும். அப்புறம் கசிவுச் சோதனை, வேறொரு ஓட்டமானியை வைத்து ஒப்பீடு.

சில ஆயிரம் ரூபாய் விலையுள்ள உணரிகள் எடையே போடுவதில்லை. லேசர் ஒளி துகளில் பட்டுச் சிதறுவதைப் பார்த்து எடையை ஊகிக்கின்றன. சென்னை போன்ற கடலோர ஊரில் இது பெரிய சிக்கல். ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் கடல் உப்புத் துகள் நீரை உறிஞ்சிக் கரைந்து பருத்துவிடும். மழைக்காலத்தில் அடுக்களை உப்பு ஜாடி கசிகிறதே, அதே வேலைதான். உணரிக்கு உப்பு எது, தண்ணீர் எது என்று தெரியாது. பருத்த துகள் அதிக ஒளியைச் சிதறடிக்கும், எண் ஏறும். நேர்மாறாக, சாலை மண்ணின் பெரிய துகள்களை இவை அவ்வளவாகக் காண்பதில்லை.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை, இந்த லேசர் வகையைச் சேர்ந்த பர்ப்பிள் ஏர் உணரிகளை அரசுக் கருவிகளோடு ஒப்பிட்டு ஒரு சூத்திரம் வெளியிட்டது: உணரி சொன்ன எண்ணை 0.524-ஆல் பெருக்கு, ஈரப்பத சதவீதத்தை 0.0862-ஆல் பெருக்கிக் கழி, 5.75 கூட்டு. உணரி 100 என்று சொல்லி, ஈரப்பதம் 60 ஆக இருந்தால் விடை 53. ஏறத்தாழப் பாதி! இதை அப்படியே சென்னைக்கோ டெல்லிக்கோ கொண்டுவர முடியாது. இங்குள்ள தூசி வேறு, ஈரம் வேறு. உள்ளூர் நிலையத்தின் பக்கத்திலேயே உணரியை நிறுத்தி, கோடையிலும் வடகிழக்குப் பருவமழையிலும் போகி நாளிலும் இரண்டையும் ஒப்பிட்டுத் தனிச் சூத்திரம் கண்டாக வேண்டும். கோடையில் மட்டும் செய்த திருத்தம் ஐப்பசியில் காலை வாரிவிடும்.

நிலையத்தின் தரவைப் பார்க்கிறவர்களுக்கு ஒரு சின்ன வழி சொல்கிறேன். நல்ல மழை கொட்டி ஓய்ந்த இரவின் மணிவாரி எண்களைப் பாருங்கள். பீட்டா கருவியில் எப்போதும் சில மைக்ரோகிராம் அங்குமிங்கும் ஆட்டம் இருக்கும். உண்மை அளவு பூஜ்யத்தை நெருங்கும்போது, அந்த ஆட்டத்தில் சில மணி நேரங்கள் மைனஸ் 2, மைனஸ் 3 என்று வருவது இயல்பு. பலர் அதைப் பார்த்துக் கருவி கெட்டுவிட்டது என்பார்கள். வருடம் முழுக்க ஒரு மைனஸ்கூட வராத பட்டியலில்தான் யாரோ எண்களை வெட்டியிருக்க வாய்ப்பு அதிகம். மைனஸை மட்டும் எடுத்தெறிந்துவிட்டு பிளஸ் பக்க ஆட்டத்தை வைத்துக்கொண்டால், சராசரி கொஞ்சம் மேலே ஏறித்தான் நிற்கும்.