ரெஃபரெண்டம்: மூன்று பொருளுக்கு ஒரு சொல் போதாது

அமெரிக்கத் தேர்தல் முடிவுகளைத் தமிழில் எழுதும்போது அடிக்கடி சறுக்கும் இடம் ஒன்று உண்டு. அதிபருக்கு வாக்களிக்கும் அதே சீட்டில் சொத்துவரி, கருக்கலைப்பு, வாடகைக் கட்டுப்பாடு பற்றியெல்லாம் 'ஆம்', 'இல்லை' கேள்விகளும் இருக்கும். ஆங்கிலத்தில் பொதுவாக 'ரெஃபரெண்டம்' எனப்படும் இவற்றை நம் செய்திகள் ஒருநாள் 'பொதுவாக்கெடுப்பு' என்கின்றன, மறுநாள் 'கருத்துக்கணிப்பு' என்கின்றன. இரண்டாவது தெளிவான பிழை. கருத்துக்கணிப்பு எவரையும் கட்டுப்படுத்தாது. மாநிலச் சீட்டில் வைத்த கேள்விக்கு மக்கள் ஆம் என்றால், பெரும்பாலும் அது சட்டமாகிவிடுகிறது.

இந்தக் குழப்பத்தில் இந்திய அரசுக்கும் ஒரு பங்கு உண்டு. கோவா மகாராஷ்டிரத்தோடு சேர வேண்டுமா, ஒன்றியப் பகுதியாகவே நீடிக்க வேண்டுமா என்று 1967 ஜனவரி 16 அன்று அங்குள்ள வாக்காளர்களிடம் கேட்டார்கள். எல்லா வகையிலும் அது வாக்கெடுப்புதான். ஆனால் சட்டத்தின் பெயரிலேயே 'ஒப்பீனியன் போல்', அதாவது கருத்துக்கணிப்பு, என்று வைத்துவிட்டார்கள். (தனித்து நிற்பதற்கான சின்னம் இரட்டை இலை, இணைப்புக்கு மலர். தமிழ்நாட்டு இரட்டை இலைக்கும் அதற்கும் உறவில்லை.) 1954 அக்டோபர் 18-இல் புதுச்சேரியின் கீழூரில் நடந்தது இதற்கு நேர்மாறு. அதை 'ரெஃபரெண்டம்' என்று பலரும் எழுதுகிறார்கள். அங்கே வாக்களித்தவர்கள் மக்கள் அல்லர், தேர்ந்தெடுக்கப்பட்ட 178 பிரதிநிதிகள். இந்தியாவுடன் இணைய 170 பேர், எதிராக 8 பேர்.

'ரெஃபரெண்டம்' என்ற சொல்லின் வேர் லத்தீன். 'ரெ' என்றால் திரும்ப, 'ஃபெர்ரே' என்றால் சுமந்து செல்லுதல். 'ரெஃபரெண்டம்' என்பது திரும்பக் கொண்டுபோய் வைக்க வேண்டியது. பழைய சுவிஸ் கூட்டமைப்பின் அவையில் ஒவ்வொரு கேண்டனின் (சுவிஸ் மாநிலத்தின்) தூதரும் சில விஷயங்களை 'ஆட் ரெஃபரெண்டம்' என்றுதான் ஏற்பார்: ஊருக்குத் திரும்பிச் சென்று, என்னை அனுப்பியவர்களிடம் கேட்டபின்தான் உறுதி. ஆக, அதிகாரம் பெற்றவர் அதைக் கொடுத்தவரிடமே திரும்பிப் போவது இச்சொல்லின் உயிர். வாக்குச்சீட்டைக் குறிக்கும் 'பாலட்' என்ற ஆங்கிலச் சொல், சிறு உருண்டையைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது. வெனிஸில் உருண்டை போட்டு வாக்களித்தார்கள். இங்கே உத்திரமேரூர்க் குடவோலையை இழுத்து வருவோர் உண்டு. 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் சொல்வது ஓலையில் பெயர் எழுதிக் குடத்திலிட்டு ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கும் முறையை. அது திருவுளச்சீட்டு, வாக்கு அல்ல.

ஊருக்குத் திரும்பிச் சென்று கேட்பது மட்டும் ரெஃபரெண்டம் என்றால், மக்களே புதிதாகச் சட்டம் எழுதிக்கொண்டு வருவதற்கு என்ன பெயர்? அதற்கு ஆங்கிலத்தில் 'இனிஷியேட்டிவ்' என்று தனிச் சொல் இருக்கிறது. அமெரிக்க மாநிலங்களில் சவுத் டகோட்டா 1898-இல் அதை முதலில் ஏற்றது. கலிஃபோர்னியாவில் தெற்கு பசிபிக் ரயில் நிறுவனத்தின் பிடியில் இருந்த சட்டமன்றத்தைச் சுற்றிப் போக ஒரு வழி வேண்டும் என்று ஆளுநர் ஹிராம் ஜான்சன் காலத்தில், 1911 அக்டோபரில் அரசியலமைப்பிலேயே சேர்த்தார்கள். (அங்கே ஆளுநர் மக்களால் தேர்ந்தெடுக்கப்படுபவர், நம் முதலமைச்சரின் வேலையைச் செய்பவர்.)

கலிஃபோர்னியாவில் ஒரு கேள்வி வாக்குச்சீட்டுக்கு வரும் பாதைகள் மூன்று. சட்டமன்றம் தானே அனுப்புவது முதலாவது. அரசியலமைப்புத் திருத்தத்துக்கு இரு அவைகளிலும் மூன்றில் இரு பங்கு வேண்டும், ஆளுநர் கையெழுத்து தேவையில்லை. இதில் சிக்கல் குறைவு.

இரண்டாவது, மக்கள் முன்னெடுப்பு. வரைவையும் 2,000 டாலரையும் மாநிலத் தலைமை வழக்குரைஞரிடம் கட்ட வேண்டும். மனு தகுதி பெற்றால் பணம் திரும்பக் கிடைக்கும். 30 நாள் பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம். அதன்பின் அவர் அலுவலகம் தலைப்பும் 100 சொல்லுக்குள் சுருக்கமும் எழுதித் தரும். பாதிச் சண்டை அந்த 100 சொற்களில்தான் நடக்கும், ஏனென்றால் மனுத்தாளில் பெரும்பாலோர் படிப்பது அதை மட்டுமே. பிறகு 180 நாளில் கையெழுத்துச் சேர்க்க வேண்டும். கடைசி ஆளுநர் தேர்தலில் விழுந்த வாக்குகளில் சாதாரணச் சட்டத்துக்கு 5 விழுக்காடு, அரசியலமைப்புத் திருத்தத்துக்கு 8 விழுக்காடு. 2022 தேர்தலை வைத்துக் கணக்கிட்டால் முறையே 5,46,651, 8,74,641.

அந்த எண்ணிக்கை மட்டும் கையில் இருந்தால் தோல்வி உறுதி. ஒவ்வொரு கவுண்ட்டியும் (நம் மாவட்டம் போன்றது) தனக்கு வந்த கையெழுத்துகளில் 3 விழுக்காடு அல்லது 500, இதில் எது அதிகமோ அதைக் குலுக்கி எடுத்து வாக்காளர் பதிவோடு ஒப்பிடும். அந்த மாதிரியை வைத்துப் போடும் மதிப்பீடு தேவையில் 95 விழுக்காட்டுக்குக் கீழே என்றால் மனு விழுந்தது. 110-க்கு மேலே என்றால் தேறியது. இடையில் நின்றால் முழுக் கையெழுத்தையும் சரிபார்க்க வேண்டும், அதற்குள் அந்தத் தேர்தலுக்கான கெடு போய்விடக்கூடும். முகவரி மாறியவர், பதிவு இல்லாதவர் ஆகியோரால் போகும் கையெழுத்து போகட்டும். கொல்லும் பிழை ஒரே ஆள் இருமுறை போடுவது. 3 விழுக்காடு மாதிரியில் ஓர் இரட்டை அகப்பட்டால் கணக்கு முறைப்படி 1,000-க்கும் மேற்பட்ட கையெழுத்துகள் கழியும். கையெழுத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்கித் திரட்டும் ஆட்களிடம் இந்தப் பிழை கூடுதலாக வருவதில் வியப்பில்லை.

தேர்தலுக்கு 131 நாள் முன்பு தகுதிப் பட்டியல் மூடப்படும். அதுவரை மனுதாரர் திரும்பப் பெறலாம், இங்கேதான் பேரம் நடக்கிறது. 2018-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கான மனு தகுதி பெறும் நிலையில் இருந்தபோது, சட்டமன்றம் ஜூன் 28 அன்று தானே ஒரு சட்டம் நிறைவேற்ற, மனு விலக்கிக்கொள்ளப்பட்டது. சட்டமன்றம் அவசரப்பட்டதற்குக் காரணம் உண்டு: மக்கள் வாக்கில் வந்த சட்டத்தை, அந்தச் சட்டமே இடம் கொடுத்தாலொழிய, மீண்டும் மக்களிடம் போகாமல் சட்டமன்றம் திருத்த முடியாது.

மூன்றாவதுதான் வேர்ச்சொல்லுக்கு மிக அருகில் நிற்பது. சட்டமன்றம் நிறைவேற்றிய சட்டத்தை 90 நாளுக்குள் கையெழுத்துச் சேர்த்து நிறுத்தி, மக்கள் முன் வைப்பது. இதில் கேள்வி தலைகீழாகத் தோன்றும். சட்டத்தை எதிர்ப்பவர்கள் கொண்டுவந்த மனுதான், ஆனால் 'ஆம்' என்றால் சட்டம் நிற்கும், 'இல்லை' என்றால் விழும். 2020 சீட்டில் 'முன்மொழிவு 25' என்ற கேள்விக்கு இல்லை வென்றது, ரொக்கப் பிணையை ஒழிக்கும் சட்டம் போயிற்று. 2022-இல் முன்மொழிவு 31-க்கு ஆம் வென்றது, சுவையூட்டிய புகையிலைத் தடை நிலைத்தது. குழப்பம் தாங்காமல் 2023-இல் விதியை மாற்றினார்கள். இனி இத்தகைய கேள்விகளில் 'சட்டம் இருக்கட்டும்', 'சட்டத்தை நீக்கு' என்ற பொருளில் அச்சிட வேண்டும்.

கலிஃபோர்னியாவில் பாதிக்கு மேல் ஒரு வாக்கு போதும். முரண்படும் இரண்டு முன்மொழிவுகளும் வென்றால், அதிக 'ஆம்' பெற்றதே செல்லும். எல்லா மாநிலமும் அப்படி அல்ல. ஃப்ளோரிடாவில் திருத்தத்துக்கு 60 விழுக்காடு வேண்டும். 2024-இல் கருக்கலைப்பு உரிமைக்கான திருத்தம் 57 விழுக்காடு வாங்கியும் தோற்றது. 'பெரும்பான்மையினர் எதிர்த்தனர்' என்று அதைத் தமிழில் எழுதினால் பொய்யாகும். நெவாடாவில் மக்கள் கொண்டுவரும் அரசியலமைப்புத் திருத்தம் அடுத்தடுத்து இரு பொதுத்தேர்தல்களில் வெல்ல வேண்டும்.

தமிழில் என்ன சொல்வது? இலங்கை அரசியலமைப்பின் தமிழ்ப் பிரதியில் ரெஃபரெண்டத்துக்கு 'மக்கள் தீர்ப்பு' என்று இருக்கிறது. அங்குள்ள பத்திரிகைகள் 'சர்வஜன வாக்கெடுப்பு' என்று எழுதும். விளக்கும் குடமும் சின்னங்களாக இருந்த 1982 டிசம்பர் 22 வாக்கெடுப்பை அந்தப் பெயரில்தான் பலரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். 'மக்கள் தீர்ப்பு' அழகான சொல்தான், ஆனால் தமிழ்நாட்டில் சட்டமன்றத் தேர்தல் முடிவையே அப்படித்தான் சொல்கிறோம். எனவே பொதுப்பெயராகப் 'பொதுவாக்கெடுப்பு' இருக்கட்டும். சீட்டில் இருக்கும் கேள்வியை 'முன்மொழிவு' எனலாம். சட்டமன்றம் அனுப்பியதை 'ஒப்புதல் வாக்கெடுப்பு' என்றும், மக்கள் எழுதிக் கொண்டுவந்ததை 'மக்கள் முன்னெடுப்பு' என்றும் பிரிக்கலாம். மூன்றாவதற்கு 'தடுப்பு வாக்கெடுப்பு' என்று வைக்கத் தோன்றும், ஆனால் 'ஆம், தடு' என்று அதே தலைகீழ்க் குழப்பம் வந்து சேரும். 'மறுவாக்கு' என்றால் மறுவாக்குப்பதிவு நினைவுக்கு வரும். 'சட்ட மீள்தீர்ப்பு' பொருந்தும். லத்தீன் 'ரெ'யின் வேலையை 'மீள்' செய்துவிடுகிறது.

முன்மொழிவின் எண்ணோடு ஆண்டையும் எழுதுவது கட்டாயம். கலிஃபோர்னியாவில் முன்மொழிவு எண்கள் பத்தாண்டுக்கு ஒருமுறை 1-இலிருந்து மீண்டும் தொடங்கும். முன்மொழிவை 'இஷ்யூ' என்றழைக்கும் ஒஹையோவில் 2023-இல் ஆகஸ்டிலும் 'இஷ்யூ 1', நவம்பரிலும் 'இஷ்யூ 1'. முன்னதில் திருத்தங்களுக்கு 60 விழுக்காடு ஆதரவைக் கட்டாயமாக்கும் முயற்சி தோற்றது, பின்னதில் கருக்கலைப்பு உரிமை ஏறத்தாழ 57 விழுக்காட்டில் வென்றது.