டர்போ வைத்தால் இன்ஜின் பாதியாகிவிடுமா?

என் பட்டறைக்கு வரும் சேலத்துக் கல்லூரி மாணவர்களில் பலர் கார் வடிவமைக்கும் கணினி விளையாட்டுகளில் தேறியவர்கள். ‘ஆட்டோமேஷன்’ போன்ற விளையாட்டில் பிஸ்டன் விட்டம் முதல் டர்பைன் அளவு வரை எல்லாவற்றையும் தாங்களே முடிவு செய்து இன்ஜின் கட்டுகிறார்கள். நல்ல பழக்கம்தான். நாங்கள் படித்த காலத்தில் இது இருந்திருந்தால் பாதிப் பாடத்தை உருப்போட வேண்டியிருந்திருக்காது. ஆனால் அங்கிருந்து அவர்கள் எடுத்துவரும் ஒரு முடிவு ஏற்காடு மலைப்பாதையில் எடுபடாது: டர்போ, அதாவது வெளியேறும் புகையால் டர்பைன் என்ற சக்கரத்தைச் சுழற்றி இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் கருவி, வைத்துவிட்டால் இன்ஜினைப் பாதியாகக் குறைத்துவிடலாமாம்.

கணக்கில் பிழையில்லை. 1000 சிசி இன்ஜினுக்குள் காற்றை இரண்டு மடங்கு அழுத்தத்தில் திணித்தால், கிட்டத்தட்ட 2000 சிசி இன்ஜின் இழுக்கும் காற்று உள்ளே போகும். அதற்கேற்ற பெட்ரோலும் எரியும். ஃபார்முலா ஒன் பந்தயத்தில் 1966 முதலே 3000 சிசி சாதாரண இன்ஜினுக்கு, காற்றைத் திணிக்கும் 1500 சிசி இன்ஜின் ஈடு என்று விதி இருந்தது. 1977இல் ரெனோ டர்போவோடு வந்து இறங்கும்வரை அந்த வழியைப் பெரிதாக யாரும் சீண்டவில்லை. நம் நாட்டில் இன்ஜினைச் சிறிதாக்கும் வேலையை வரி செய்கிறது. நீளம் 4 மீட்டருக்குள், பெட்ரோல் இன்ஜின் 1200 சிசிக்குள் என்றால் ஜிஎஸ்டி குறைவு. சாலையில் 998, 1199 சிசி டர்போ கார்கள் பெருகியதற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம்.

சிசி குறைந்தது சரி, பானெட்டுக்குள் இடம் மிச்சமானதா? 30 டிகிரி காற்றை இரண்டு மடங்கு அழுத்தினால் அது 100 டிகிரியைத் தாண்டிவிடும். அதைத் தணிக்க இன்டர்கூலர், போகவும் வரவும் தடித்த குழாய்கள், டர்போவுக்கு எண்ணெய் கொண்டுபோக ஒன்று, திரும்பி வர ஒன்று, பக்கத்து ஒயர்கள் வேகாமல் இருக்க வெப்பத்தடுப்புத் தகடுகள். விளையாட்டும் இதை மறைப்பதில்லை. டர்போவைச் சேர்த்ததும் இன்ஜினின் வெளியளவு பெருத்து, தேர்ந்தெடுத்த பாடிக்குள் அடங்காமல் போவதுண்டு. அங்கே பெரிய பாடியைச் சொடுக்கி மாற்றிக்கொள்ளலாம். என் பட்டறையில் அந்தப் பொத்தான் இல்லை.

காற்றைத் திணிக்கும் இன்னொரு கருவி சூப்பர்சார்ஜர். அது புகையால் அல்ல, பெரும்பாலும் பெல்ட் வழியாக இன்ஜினின் முதன்மைத் தண்டான கிராங்க் ஷாஃப்டிலிருந்தே சுழல்கிறது. ‘வி’ வடிவ இன்ஜினில் நடுப்பள்ளத்தின் மேல் ஏறி உட்கார்ந்து உயரத்தைக் கூட்டிவிடும். தான் சுழல இன்ஜினின் சக்தியிலேயே பங்கும் கேட்கும்.

இனி மலைக்கு வருவோம். அடிவாரத்திலிருந்து ஏறினால் 20 கொண்டை ஊசி வளைவுகள். எதிரே பஸ் ஒடித்துத் திரும்ப இடம்விட்டு நின்று, மறுபடி கிளம்புகிறீர்கள். இன்ஜின் நிமிடத்துக்கு 1200 சுற்றில் முனகுகிறது. டர்பைனைச் சுழற்ற அந்தப் புகை போதாது. அந்த நேரத்தில் 1000 சிசி டர்போ கார் வெறும் 1000 சிசி கார்தான். சூப்பர்சார்ஜருக்கு இந்தத் தாமதம் இல்லை. இன்ஜின் சுழன்றால் அதுவும் சுழலும். லான்சியா தன் டெல்டா எஸ்4 ரேலி காரின் 1759 சிசி இன்ஜினில் இரண்டையும் சேர்த்தே பொருத்தியது இதற்காகத்தான்: கீழ்ச்சுற்றுக்கு ஒன்று, மேல்சுற்றுக்கு ஒன்று.

டர்போவுக்கு உரிய பெருமையையும் சொல்லிவிட வேண்டும். ஏற்காடு 1500 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ 15 சதவீதம் குறைவு. சாதாரண இன்ஜின் கிட்டத்தட்ட அதே அளவு சக்தியை இழக்கும். சுழலத் தொடங்கிவிட்ட டர்போ அந்தக் குறையைப் பெருமளவு ஈடுகட்டிவிடும்.

மேலே ஏறிய கையோடு இன்ஜினை அணைப்பவர்களின் டர்போவைக் கழற்றினால் எண்ணெய்க் குழாயின் உள்சுவரில் கரி, அடிபிடித்த பால் பாத்திரம்போல் ஒட்டியிருக்கும். விரல் தடிமன்கூட இல்லாத டர்போவின் தண்டு நிமிடத்துக்கு 1 லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்வது மெல்லிய எண்ணெய்ப் படலத்தின்மேல். இன்ஜின் நின்றதும் எண்ணெய் நின்றுவிடுகிறது, சூடு நிற்பதில்லை. தண்டைப் பிடித்து ஆட்டினால் ஆடும். சக்கரத்தின் இதழ்கள் கூட்டில் உரசிய பளபளப்பான வளையமும் தெரியும். ஏறி முடித்ததும் ஓரிரு நிமிடம் ஐடிலில் விட்டிருந்தால் பெரும்பாலும் தப்பித்திருக்கும்.

பழைய காரில் வெளியே வாங்கிய டர்போவைப் பொருத்தித் தரச் சொல்பவர்களை நான் திருப்பி அனுப்பிவிடுகிறேன். டர்போவுக்கென்றே கட்டாத, கம்ப்ரஷன் (பிஸ்டன் காற்றை நெருக்கும் அளவு) அதிகமான இன்ஜினில் அந்த அழுத்தத்தில் ‘நாக்கிங்’ (பெட்ரோல் நேரம் தப்பி வெடிப்பது) வந்து பிஸ்டன் உடையும். அது போக, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது.

விளையாடும் தம்பிகளுக்கு ஒரு வேலை தருகிறேன். ஒரே காருக்கு 1600 சிசி சாதாரண இன்ஜின் ஒன்று, 1000 சிசி டர்போ ஒன்று, உச்ச சக்தி சமமாக வரும்படி கட்டுங்கள். வரைபடத்தின் உச்சியைப் பார்க்காமல் இடது ஓரத்தில் 1500 சுற்றுக்குக் கீழே இழுவை எவ்வளவு என்று பாருங்கள். பிறகு டர்பைனைச் சிறியதாக்குங்கள். இடது பக்கம் நிமிரும், வலது பக்கம் மூச்சுத் திணறும்.