சொல் விளக்கம்: உள்ளடக்க மேலாண்மை அமைப்பு

போன மாதம் பெங்களூரு அல்சூரில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா மகள் ஒரு பல்கலைக்கழகத்தில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். இணையதளத்தைப் புதிதாக உருவாக்குவது அவள் பொறுப்பு. "மாமா, சி.எம்.எஸ்ஸுக்குத் தமிழ்ல என்ன?" என்றாள். கன்டென்ட் மேனேஜ்மென்ட் சிஸ்டம், அதாவது இணையதளத்தில் வருவதை எழுதி, திருத்தி, வெளியிட உதவும் மென்பொருளைத்தான் கேட்டாள். "உள்ளடக்க மேலாண்மை அமைப்பு" என்றேன். "நீளமா இருக்கு, ஆனா ஒண்ணும் புரியலையே!" அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

உள் + அடக்கம் = உள்ளடக்கம். ஒன்றுக்குள் அடங்கியிருப்பது. 'கன்டென்ட்' என்பதும் சேர்த்துப் பிடித்து வைத்தல் என்ற பொருளுள்ள லத்தீன் வினையிலிருந்து வந்ததுதான். தமிழில் இலக்கிய விமர்சனம் படித்தவர்களுக்கு இந்தச் சொல் 'உருவம்' என்பதோடு ஜோடியாகவே நினைவுக்கு வரும். கவிதையில் இரண்டையும் பிரிக்கலாமா என்ற வாதம் தீராதது. இணையதளத்தில் பிரித்தே ஆகவேண்டும். சி.எம்.எஸ்ஸின் உயிரே அந்தப் பிரிப்பில்தான் இருக்கிறது.

ஒரு துறைத்தலைவர் ஓய்வு பெறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பழைய முறையில் அவர் பெயர் துறைப் பக்கம், ஆசிரியர் பட்டியல், சேர்க்கை அறிவிப்பு, தொடர்பு எண்கள் என நாலு எச்.டி.எம்.எல் (இணையப் பக்கங்களை எழுதும் குறிமொழி) கோப்புகளில் தனித்தனியாக இருக்கும். மூன்றைத் திருத்தி ஒன்றை மறந்தால், அட்மிஷன் கேட்டு வரும் பெற்றோர் ஓய்வு பெற்று வீட்டிலிருப்பவருக்கு போன் போடுவார்கள். சி.எம்.எஸ்ஸிலோ அந்தப் பெயரைத் தரவுத்தளத்தில் ஒரே இடத்தில் வைக்கலாம். நாலு பக்கங்களும் அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். எப்படிக் காட்டுவது என்பதை வார்ப்புரு, அதாவது பக்கத்தின் அச்சு (டெம்ப்ளேட்), பார்த்துக்கொள்ளும். அதுதான் உருவம்.

'மேலாண்மை'யில் இருப்பது 'ஆள்' என்ற வினை. தாளாண்மை, வேளாண்மை இரண்டும் 613ஆம் குறளில் சேர்ந்தே வருகின்றன, அதே குடும்பம். 'மேனேஜ்' என்பதன் வேர் லத்தீனில் கையைக் குறிக்கும் சொல்; இத்தாலியில் அது குதிரையைப் பழக்குவதற்கு ஆனது. வேரைப் பார்த்தால் 'கையாளுதல்' இன்னும் நெருக்கம், எனக்கு அதில் ஆசையும் உண்டு. ஆனாலும் பல்கலைக்கழகத்துக்கு மேலாண்மையே சரி. தேர்வு அறிவிப்பைத் துறை எழுதும், பதிவாளர் அலுவலகம் பார்த்து வெளியிடும். யாருக்கு எந்த உரிமை என்று வகுப்பது மேலிருந்து ஆளும் வேலை.

'அமைப்பு' சிஸ்டத்துக்கு நேர், விளக்கம் வேண்டாம்.

பல பல்கலைக்கழகங்கள் பயன்படுத்தும் துருபல் என்ற சி.எம்.எஸ் பிறந்ததே மாணவர் விடுதியில்தான். பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப்பில் டிரீஸ் பாய்டார்ட் தொடங்கி, 2001இல் வெளியிட்டார். துளி என்று பொருள்படும் டச்சுச் சொல்லிலிருந்து வந்த பெயர். இன்னொரு சி.எம்.எஸ்ஸான வேர்ட்பிரஸ் வந்தது 2003இல்.

"எதை எடுத்தாலும் சரி, முதல் நாளே தளத்தின் தோற்றத்துக்கான தீம் தேடாதே" என்றேன். "ஆசிரியர், பாடப்பிரிவு, அறிவிப்பு என்று உள்ளடக்க வகைகளை எழுது. அப்புறம் ஒவ்வொன்றிலும் என்ன இருக்கும் என்று எழுது." அவள் நோட்டைத் திறந்து 'ஆசிரியர்' என்று போட்டு, கீழே எழுதத் தொடங்கினாள்: பெயர் கன்னடத்தில், பெயர் ஆங்கிலத்தில், துறை, படம், மின்னஞ்சல்...