காற்று நின்ற பிறகு வருகிற நோயாளிகள்

புயல் எச்சரிக்கை வந்த அன்று பட்டுக்கோட்டைப் பக்கம் எந்தக் கடைத்தெருவுக்குப் போனாலும் ஒரே காட்சிதான். பெட்ரோல் பங்கில் கேனோடு வரிசை நிற்கும். மளிகைக் கடையில் மெழுகுவத்தி தீர்ந்திருக்கும், பால் பாக்கெட் காலையிலேயே காலி. மருந்துக்கடை மட்டும் வழக்கம்போல இருக்கும். வீட்டில் சுகர் மாத்திரை இன்னும் நான்கு நாளைக்குத்தான் இருக்கிறது என்பது அன்றைக்கு யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. ஐந்தாம் நாள் வந்துவிடும். அன்று ரோட்டில் மரம் கிடக்கும், மருந்துக்கடைக்காரர் தன் வீட்டு ஓட்டைச் சரிசெய்துகொண்டிருப்பார்.

டெல்டாவில் பொது மருத்துவம் பார்க்கிறவன் நான். கஜா 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறி, உள்ளே பட்டுக்கோட்டை, புதுக்கோட்டை என்று உழுதுகொண்டு போனது. காற்று அடித்தது சில மணி நேரம். நோயாளிகள் வந்தது வாரக்கணக்கில். வந்தவர்களில் பலர் புயல் இரவில் ஒரு கீறல்கூட இல்லாமல் தப்பித்தவர்கள். அடிபட்டதும் படுத்ததும் அதற்குப் பிறகுதான்.

இது நம் ஊருக்கு மட்டும் உள்ள கதை இல்லை. வங்கக்கடலில் புயல் என்கிறோம், அட்லாண்டிக் பக்கம் ஹரிக்கேன் என்கிறார்கள். இரண்டும் ஒரே ஜாதி. 2017 செப்டம்பர் 20 அன்று மரியா என்ற ஹரிக்கேன் புவெர்ட்டோ ரிக்கோ தீவைக் கிழித்துப் போட்டது. அரசு சொன்ன சாவுக் கணக்கு 64. அடுத்த ஆண்டு ஒரு பல்கலைக்கழக ஆய்வுக் குழு, புயலுக்குப் பிந்தைய ஆறு மாதங்களில் வழக்கத்தைவிட எத்தனை பேர் கூடுதலாக இறந்தார்கள் என்று கணக்கிட்டது. வந்த எண் 2,975. அரசும் அதையே ஏற்றுக்கொண்டது. 64 எங்கே, 2,975 எங்கே! மாதக்கணக்கில் கரண்ட் இல்லை, ரோடு இல்லை, மருந்தும் சிகிச்சையும் கிடைக்கவில்லை. வயதானவர்களும் ஏழைகளும்தான் அதிகம் போனார்கள். பெரிய நகரமும் விலக்கில்லை. 2024 ஜூலையில் பெரில் என்ற ஹரிக்கேன் அமெரிக்காவின் ஹூஸ்டனைத் தாக்கியபோது அது ஹரிக்கேன்களில் அடிமட்ட வகை, முதல் நிலைதான். இருந்தும் இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் மின்சாரம் போனது. வெயில் புழுக்கத்திலும் ஜெனரேட்டர் புகையிலும் உயிர்கள் போயின.

ஜெனரேட்டருக்கு வருகிறேன். அதற்கு முன் முதல் நாள் காலை.

பொழுது விடிந்து காற்று அடங்கியதும் ஆண்கள் எல்லாரும் கூரைமேல் ஏறிவிடுகிறார்கள். மழையில் நனைந்த ஓடு வழுக்கும், ஆஸ்பெஸ்டாஸ் சீட் மிதித்தால் உடையும். அன்று வரும் இடுப்பு, முதுகெலும்பு முறிவுகள் அநேகமாக இப்படித்தான். பெண்கள் முற்றத்தைக் கூட்டப் போய், மண்ணில் புதைந்த தகரத்தில் காலை வைப்பார்கள். அடுத்தது மரம் அறுக்கிற மிஷின். வாழ்க்கையில் அதைத் தொட்டே இராத பையன்கள் வாடகைக்கு வாங்கி, லுங்கியும் செருப்புமாக நின்று அறுப்பார்கள். சாய்ந்து கிடக்கிற தென்னை செத்த மரம் மாதிரித் தெரியும். உள்ளே வில் போல முறுக்கேறி இருக்கும். நடுவில் அறுத்ததும் தண்டு துள்ளும், வேரோடு பெயர்ந்த அடிக்கட்டை பழையபடி குழிக்குள் நிமிர்ந்து உட்காரும். அந்தக் குழியில் குழந்தைகளை விளையாட விடாதீர்கள், ஒரு நிமிடம்கூட வேண்டாம்.

காயம் சின்னதாக இருந்தாலும் குழாய்த் தண்ணீரும் சோப்பும் போட்டு நன்றாகக் கழுவுங்கள். மஞ்சள், காபித்தூள், சாணம் எதுவும் வேண்டாம். சேறு பட்ட காயம் என்றால், கடைசியாக டெட்டனஸ் ஊசி போட்டு ஐந்து வருடம் தாண்டியிருந்தால் மறுபடி போட வேண்டும். இப்போது ஆரம்ப சுகாதார நிலையத்தில் போடுவது டிடி எனும் ஊசி, டெட்டனஸோடு டிப்தீரியாவுக்கும் சேர்த்து. எப்போது போட்டோம் என்றே தெரியாவிட்டால், போட்டுக்கொள்வதுதான் சரி.

அறுந்து கிடக்கும் கம்பியைப் பற்றி எல்லாருக்கும் தெரியும், தொடமாட்டார்கள். தெரியாதது, அந்தக் கம்பியில் கரண்ட் பக்கத்து வீட்டு ஜெனரேட்டரிலிருந்தும் வரலாம் என்பது. கஜாவில் ஒரு லட்சத்துக்கும் மேல் மின்கம்பங்கள் சாய்ந்தன. கிராமங்களில் விளக்கு எரிய வாரக்கணக்கில் ஆனது. வாடகை ஜெனரேட்டரைக் குட்டி யானை வண்டியில் ஏற்றிக்கொண்டு தெருத்தெருவாக வந்து, மணிக்கணக்கில் காசு வாங்கி மோட்டார் ஓட்டித் தொட்டி நிரப்பிக் கொடுத்ததை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். தெரு லைனையும் ஜெனரேட்டரையும் பிரித்து வைக்கிற சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் அதை நேராக வீட்டு வயரிங்கில் மாட்டினால், கரண்ட் பின்னோக்கிப் போய் டிரான்ஸ்பார்மர் வழியாக 11,000 வோல்ட்டாக ஏறும். செத்த லைன் என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேன் கதி என்ன? கஜாவுக்கு வெளி மாவட்டத்திலிருந்தும் பக்கத்து மாநிலங்களிலிருந்தும் அந்தப் பிள்ளைகள் வந்து இடுப்பளவு தண்ணீரில் நின்று வேலை பார்த்தார்கள். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, மோட்டாரைத் தனி வயரில் ஓட்டுவது ஒன்றும் பெரிய கஷ்டம் இல்லை.

இன்னொரு ஆபத்து புகை. ஒரு குடும்பம் மொத்தமாக வந்தது. தாத்தாவிலிருந்து பேத்தி வரை எல்லாருக்கும் தலைவலி, கிறுகிறுப்பு, வாந்தி. "நேத்து வச்ச மீன் குழம்பு ஒத்துக்கலை போலருக்கு சார்" என்றார் வீட்டுக்காரர். யாருக்கும் வயிற்றுப்போக்கு இல்லை, காய்ச்சல் இல்லை. குழம்பே சாப்பிடாத பேத்திக்கும் அதே தலைவலி. ஜெனரேட்டர் எங்கே வைத்தீர்கள் என்று கேட்டேன். மழை நனைக்குமே என்று கொல்லைப்பக்கத் தாழ்வாரத்தில் வைத்து, ராத்திரி முழுக்க ஓடவிட்டிருக்கிறார்கள். கொசுவுக்காக ஜன்னல் எல்லாம் சாத்தல்.

ஜெனரேட்டர் புகையில் வருகிற கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயுவுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில், அதைவிட இருநூறு மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் போய் ஒட்டிக்கொள்ளும். கொரோனா காலத்தில் விரலில் மாட்டிப் பார்க்கப் பழகினோமே பல்ஸ் ஆக்சிமீட்டர், அது இங்கே ஏமாற்றும். ஆள் மயங்கிக் கிடக்கும்போதும் 98, 99 என்று காட்டும். தூக்கத்தில் இந்தப் புகை ஏறினால் தலைவலியை உணரவே வாய்ப்பில்லை. அதனால் ஜெனரேட்டர் கதவு, ஜன்னலை விட்டு இருபதடியாவது தள்ளி, திறந்தவெளியில், புகைக்குழாய் வீட்டைப் பார்க்காத பக்கம் இருக்க வேண்டும். தாழ்வாரம், கார் ஷெட், மாட்டுக்கொட்டகை எதுவும் திறந்தவெளி ஆகாது. குளிருக்கு அறைக்குள் கரி அடுப்பு மூட்டுவதும் இதே கதைதான். வீட்டில் இரண்டு பேருக்கு மேல் ஒரே நேரத்தில் தலை சுற்றினால் முதலில் எல்லாரும் வெளியே வாருங்கள், அப்புறம் 108. 2020 ஆகஸ்டில் லாரா ஹரிக்கேன் வந்தபோது அமெரிக்காவின் லூசியானாவில் எல்லாரும் பயந்தது கடல் ஏறி வருமே என்று. அங்கே பலரைக் கொன்றது ஜெனரேட்டர் புகை.

சரி, மாத்திரைக்கு வருவோம். புயல் சின்னம் உருவானது என்று செய்தி வந்ததுமே இரண்டு வார மருந்தை வாங்கி வைத்துவிடுங்கள். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரும், பிரஷர் மாத்திரைகளில் சிலவற்றைச் சட்டென்று நிறுத்தினால் பிரஷர் எகிறும். இன்சுலின் போடுகிறவர்கள் பிரிட்ஜ் ஓடவில்லையே என்று பதற வேண்டாம். பயன்படுத்திக்கொண்டிருக்கும் பாட்டில் 30 டிகிரிக்குக் கீழ் சுமார் நான்கு வாரம் தாங்கும். நவம்பர், டிசம்பர் மழைக்குளிரில் நம் வீட்டு மண்பானை போதும்: பெரிய பானையில் ஈர மணல், அதற்குள் சின்னப் பானை, அதில் பிளாஸ்டிக் கவரில் சுற்றிய மருந்து. ஐஸ் கட்டியோடு சேர்த்து வைக்காதீர்கள். உறைந்துபோன இன்சுலின் வீண். முகாமில் தங்கும்போது இன்னொன்று: சாப்பாடு எப்போது வரும் என்று தெரியாமல் ஊசியையோ சுகர் மாத்திரையையோ போட்டுக்கொள்ளாதீர்கள். தட்டு கைக்கு வரட்டும். தாழ்சர்க்கரையில் மயங்கி வருகிறவர்களை முகாம் நாட்களில் பார்த்திருக்கிறேன்.

டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களுக்காகத் தனியே சொல்கிறேன். எச்சரிக்கை வந்ததும் உங்கள் மையத்தில் பேசி, ஒரு முறையை முன்னதாகவே முடித்துக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். அப்புறம், இளநீர். புயல் முடிந்த மறுநாள் தோப்பு முழுக்க இளநீர் கொட்டிக் கிடக்கும், குடிக்க நல்ல தண்ணீர் இருக்காது. வருகிறவர் போகிறவர் எல்லாருக்கும் வெட்டிக் கொடுப்பார்கள். நல்ல மனசுதான், ஆனால் சிறுநீரகம் வேலை செய்யாதவருக்கு அதிலிருக்கும் பொட்டாசியம் வெளியேற வழியில்லை. அது ஏறினால் இதயம் நின்றுபோகும், முன்கூட்டி வலியோ அறிகுறியோ காட்டாமலே. வாழைப்பழமும் அப்படியே. டயாலிசிஸ் தள்ளிப்போகிற நாட்களில் இரண்டையும் தொடாதீர்கள், தண்ணீரையும் அளந்து குடியுங்கள்.

நிறைமாதக் கர்ப்பிணிகளைப் புயலுக்கு முன்பே ஆஸ்பத்திரியில் சேர்க்க கிராமச் செவிலியர் வந்து கூப்பிடுவார். "இன்னும் பத்து நாள் இருக்கே" என்று மாமியார்கள் மறுக்க வேண்டாம், அனுப்பி வையுங்கள்.

குடிதண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிப்பதுதான் சுலபம். தொட்டிக்கு என்றால், 1,000 லிட்டர் தெளிந்த நீருக்கு நல்ல பிளீச்சிங் பவுடர் 2.5 கிராம், கலந்து ஒரு மணி நேரம் கழித்துப் பயன்படுத்தலாம். பிரித்துப் போட்ட பழைய பாக்கெட்டில் வீரியம் இருக்காது. வயிற்றுப்போக்குக்கு ஓஆர்எஸ்.

தண்ணீர் வடிந்து ஒரு வாரம், இரண்டு வாரம் கழித்து ஒரு காய்ச்சல் வரும். கெண்டைக்கால் வலி தாங்காது, கண் சிவந்திருக்கும், சிலருக்கு மஞ்சளும் காணும். எலி சிறுநீர் கலந்த தண்ணீரில் வெறுங்காலோடு, அதுவும் கால் வெடிப்போடு, நின்றதால் வருகிற எலிக்காய்ச்சல் அது. ஆரம்பத்திலேயே வந்தால் சாதாரண மாத்திரைகளில் சரியாகும். ஊசி போட்டுக்கொண்டு வீட்டில் கிடந்துவிட்டு, சிறுநீர் குறைந்த பிறகு வந்தால் கஷ்டம். "வயல் தண்ணீரில் நின்றேன்" என்று டாக்டரிடம் வாயைத் திறந்து சொல்லுங்கள். சொன்னால்தான் அவருக்கு அது தோன்றும்.

வெள்ளம் பாம்பையும் வீட்டுக்குள் விரட்டும். பள்ளிக்கூட முகாமில் தரையில் படுப்பவர்களுக்குக் கட்டுவிரியன்தான் பெரிய பயம். கடித்த இடம் வலிக்காது, தடம்கூடத் தெரியாது. விடியற்காலையில் வயிற்றுவலி, பிறகு இமை தொங்கும், பேச்சு குழறும். இந்த மூன்றும் சேர்ந்தால் கடித்தது தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் பாம்புக்கடி என்றே வைத்துக்கொண்டு கிளம்புங்கள். கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள், கடித்த கை காலை ஆட்டாமல் கொண்டுபோங்கள். கட்டிலோ பெஞ்சோ கிடைத்தால் அதில் படுங்கள். கொசுவலையைப் பாய்க்கு அடியில் செருகிவிட்டால் பாதி கவலை தீரும்.

கஜாவுக்குப் பிறகு என்னிடம் தூக்கம் வரவில்லை என்று வந்தவர்களில் பெரும்பாலோர் தென்னை விவசாயிகள். நட்டு ஆறேழு வருடம் காத்திருந்து, காய்ப்புக்கு வந்த தோப்பு ஒரே ராத்திரியில் படுத்துவிட்டது. தூக்க மாத்திரை கேட்டு வந்தவரிடம், மேலே கடன் எவ்வளவு, வீட்டில் யாரிடமாவது சொன்னீர்களா என்று கேட்ட பிறகுதான் பேச்சே ஆரம்பித்தது. வீட்டு ஆண் சாப்பிடாமல் தோப்பிலேயே உட்கார்ந்திருந்தால், தனியாக விடாதீர்கள், பூச்சிமருந்து டப்பாவை வீட்டிலிருந்து அப்புறப்படுத்துங்கள். சுகாதார உதவி எண் 104-க்கும் மனநல உதவி எண் 14416-க்கும் போன் செய்து தமிழிலேயே பேசலாம்.

இந்த எண்களோடு 108-ஐயும், மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077-ஐயும், உங்கள் டாக்டர், டயாலிசிஸ் மையம், கிராமச் செவிலியர் எண்களையும் ஒரு தாளில் எழுதி, மருந்துச் சீட்டோடு சேர்த்து பிளாஸ்டிக் கவரில் போட்டு வையுங்கள். போனில் இருக்கிறதே என்பீர்கள். மூன்றாம் நாள் போனில் சார்ஜ் இருக்காது, பக்கத்து வீட்டுப் போனை வாங்கிப் பேசத்தான் அந்தத் தாள்.