டொலுயீன் அளவு கேட்கும்போது குழாயையும் கேளுங்கள்

மதுரையில் ரப்பர் தொழில் நெடுநாளாக நடக்கிறது. ரப்பர் பசை கலக்கும் பட்டறைக்குள் நுழைந்ததும் மூக்கில் ஏறும் தின்னர் நெடி, பெரும்பாலும் டொலுயீன் என்ற கரைப்பானின் ஆவி. வேலை செய்பவர்கள் "பழகிப்போச்சு" என்பார்கள். பழகுவது மூக்கு மட்டுந்தான்.

1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தில் 1987இல் 41எஃப் பிரிவைச் சேர்த்து, நச்சுப் பொருட்களுக்கு வரம்பு வைத்தார்கள். டொலுயீனுக்கு 8 மணி நேரச் சராசரி 100 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 100 பங்கு), அதாவது ஒரு கன மீட்டர் காற்றில் 375 மில்லிகிராம். 15 நிமிடச் சராசரிக்கு 150 பிபிஎம். 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் புதிய பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது. ஆனாலும் வரம்பு இருக்க வேண்டும் என்பதும், உடல்நலம் பற்றிய தகவலைத் தொழிலாளி முதலாளியிடம் கேட்டுப் பெறலாம் என்பதும் தொடர்கின்றன. ஒரு உறுத்தல்: முன்பு மின்சாரத்தோடு 10 பேர் இருந்தாலே தொழிற்சாலை, இப்போது 20 பேர் வேண்டும். சின்னப் பட்டறைகள் பல நழுவிவிடும்.

சரி, கேட்டால் நிர்வாகத்தினர் அளந்த தாளைக் காட்டி "40 பிபிஎம்தான்" என்கிறார்கள். எப்படி அளந்தார்கள்?

சட்டைக் காலரில் ஆவியைப் பிடிக்கும் கரி அடைத்த சின்னக் கண்ணாடிக் குழலைக் குத்தி, இடுப்பில் பம்ப் மாட்டி அளந்திருந்தால், இரண்டையும் இணைத்துக் காற்றைக் கொண்டுபோகும் குழாயைப் பற்றிக் கவலை வேண்டாம். காற்று முதலில் கரியைத் தொடுகிறது, ஆவி அங்கேயே நின்றுவிடுகிறது. அதற்குப் பின்னால் வரும் குழாய் எதுவானாலும் ஒன்றுதான். வரிசை மாறி குழாய் முன்னால் வந்தால்தான் வம்பு.

உடனடி அளவு காட்டும் கருவியில் குழாய் எப்போதும் முன்னால்தான். சிலிக்கானும் ரப்பரும் வளைக்க வசதி, ஆனால் டொலுயீனைக் குடித்துவிடும். முதலில் அளவு குறைவாகத் தெரியும். குடித்ததைப் பிறகு மெல்லக் கக்கும்போது சுத்தமான இடத்திலும் முள் ஆடும். சாதாரண பிவிசி குழாயும் கிட்டத்தட்ட அதே ரகம். டெஃப்லான் விறைப்பு, விலையும் கூடுதல், ஆவியை ஒட்டவைப்பது மிகக் குறைவு. நீளமும் கணக்கில் உண்டு: 4 மில்லிமீட்டர் உள்விட்டத்தில் 10 மீட்டர் குழாய்க்குள் சுமார் 125 மில்லி காற்று அடங்கும். நிமிடத்துக்கு 500 மில்லி இழுக்கும் பம்பானால் 15 வினாடி கழித்துத்தான் அங்குள்ள காற்று கருவிக்கு வரும். ஐந்தாவது வினாடியில் பார்த்து எழுதிய எண்ணுக்கு மதிப்பில்லை.

ஆகவே எழுத்தில் கேட்கும்போது எண்ணோடு நான்கைச் சேருங்கள்: அளந்த தேதி, எத்தனை மணி நேரம், எந்தக் கருவி, குழாய் எதனால் ஆனது, எத்தனை மீட்டர். அட, ஐந்தாகிவிட்டது, இருக்கட்டும். பதில் வராவிட்டால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் மதுரை அலுவலகத்துக்கு அந்தக் கடிதத்தின் நகலோடு மனு கொடுக்கலாம்.