அடெலிட்டாவின் பசிபிக் பயணம்: செயற்கைக்கோள் கடலாமையைத் தொடர்வது எப்படி?

1996 ஆகஸ்ட் மாதம், மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியா தீபகற்பத்தில் ஒரு பெண் பெருந்தலை ஆமை பசிபிக் கடலில் விடப்பட்டது. மீனவர் ஒருவருடைய மகளின் பெயரால் அதை அடெலிட்டா என்று அழைத்தார்கள். சிறிய வயதில் பிடிபட்டு, ஏறத்தாழ பத்து ஆண்டுகள் தொட்டியிலேயே வளர்ந்த ஆமை அது. அதன் மேலோட்டில் ஒட்டியிருந்த சிறு கருவி 368 நாட்கள் சமிக்ஞை அனுப்பிக்கொண்டே இருந்தது. கடைசியாகச் சமிக்ஞை வந்தபோது, ஏறத்தாழ 11,500 கிலோமீட்டரைக் கடந்து, அடெலிட்டா ஜப்பானின் சென்டாய் நகரை ஒட்டிய கடற்பகுதியில் இருந்தது. ஒரு பெருங்கடலின் ஒரு கரையிலிருந்து மறுகரை வரை ஒரு விலங்கைத் தொடர்ந்து பின்பற்ற முடிந்தது அதுவே முதல் முறை.

பாஹா கடலில் பெருந்தலை ஆமைகள் ஏராளமாக மேய்கின்றன. ஆனால் கிழக்குப் பசிபிக்கின் எந்தக் கரையிலும் அவை முட்டையிடுவதில்லை. வட பசிபிக்கில் அவை முட்டையிடும் இடம் ஜப்பான் மட்டுமே. 1995இல் வெளியான மரபணு ஆய்வு, இந்த ஆமைகள் ஜப்பானில் பிறந்தவை என்று சுட்டியது. வளர்ந்தபின் அவை அத்தனை தூரம் நீந்தித் தாய்க்கரைக்குத் திரும்புமா என்ற கேள்விக்கு அடெலிட்டாதான் நேரடியான விடை தந்தது. அப்போது அரிசோனா பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த வாலஸ் ஜே. நிக்கோல்ஸ், ஆய்வு முடியும்வரை தரவுகளைப் பூட்டி வைக்காமல், வரவர இணையத்தில் வெளியிட்டார். பல நாட்டுப் பள்ளி மாணவர்கள் அவற்றைத் தங்கள் வரைபடங்களில் குறித்து வந்தார்கள். அந்தக் காலத்து ஆய்வு வழக்கத்தை எண்ணிப் பார்த்தால், இது எளிதில் எடுக்கக்கூடிய முடிவன்று.

அந்த மாணவர்கள் குறித்த ஒவ்வொரு புள்ளியும் எப்படிக் கிடைக்கிறது? செயற்கைக்கோள் ஆமையைப் பார்ப்பதில்லை, படம் எடுப்பதும் இல்லை. ஆமையின் மேலோட்டைத் தேய்த்துச் சுத்தம் செய்து, எபாக்ஸி பசையால் ஒட்டப்படும் கருவியிலிருந்து 401.65 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் ரேடியோ அலை கிளம்புகிறது. உப்புநீர் மின்சாரத்தைக் கடத்துவதால் இந்த அலை கடலுக்குள் சிறிது தூரம்கூடச் செல்லாது. எனவே ஆமை மூச்சுவிட மேலே வரும் நேரமே கருவிக்குக் கிடைக்கும் ஒரே வாய்ப்பு. கருவியின் வெளிப்புறத்தில் இரண்டு உலோக முனைகள் இருக்கும்; நீருக்குள் இருக்கும்வரை அவற்றுக்கிடையே மின்னோட்டம் பாயும், மேலே வந்ததும் அது அறுபடும். அறுபட்ட அந்தக் கணத்தில்தான் கருவி சமிக்ஞையை அனுப்புகிறது. ஒரு சமிக்ஞை ஒரு நொடிக்கும் குறைவாகவே நீடிக்கிறது.

அதைப் பெறுவது ஆர்கோஸ் அமைப்பு. பிரான்சின் விண்வெளி நிறுவனமும், அமெரிக்காவின் நாசா, கடலையும் வளிமண்டலத்தையும் ஆராயும் நோவா ஆகிய அமைப்புகளும் 1978இல் தொடங்கிய ஏற்பாடு இது. அடெலிட்டாவின் காலத்தில் இதன் கருவிகளைத் தாங்கிய செயற்கைக்கோள்கள் சுமார் 850 கிலோமீட்டர் உயரத்தில் துருவங்களின் வழியாகப் பூமியை ஏறத்தாழ 100 நிமிடங்களுக்கு ஒருமுறை சுற்றின. ஓரிடத்துக்கு மேல் அவை தென்படுவது ஒரு சுற்றுக்குப் பத்து நிமிட அளவுதான். அந்தப் பத்து நிமிடத்துக்குள் ஆமையும் மேலே வர வேண்டும்.

இடத்தைக் கணிக்க உதவுவது டாப்ளர் விளைவு. நம்மை நோக்கி வரும் ரயிலின் ஊதல் கூர்மையாகவும், கடந்து போனபின் தணிந்தும் ஒலிப்பதைப் போல, செயற்கைக்கோள் ஆமையை நெருங்கும்போது அதிர்வெண் சற்று உயர்ந்தும், விலகும்போது குறைந்தும் பதிவாகிறது. உயர்வும் தாழ்வும் இல்லாமல் சரியாகப் பதிவாகும் கணத்தில் ஆமை செயற்கைக்கோளின் பாதைக்கு நேர் பக்கவாட்டில் இருக்கிறது. அதிர்வெண் திடீரென்று மாறினால் ஆமை பாதைக்கு அருகில் இருக்கிறது என்றும், மெதுவாக மாறினால் தொலைவில் இருக்கிறது என்றும் பொருள். ஆனால் பாதைக்கு இடப்புறமும் வலப்புறமும் ஒரே அளவு தொலைவில் இருக்கும் இரண்டு இடங்கள் கணக்கில் ஒன்றுபோலவே வரும். பூமியின் சுழற்சியையும் முந்தைய இருப்பிடத்தையும் வைத்து இரண்டில் ஒன்று தேர்ந்தெடுக்கப்படுகிறது. தேர்வு தவறினால், ஆமை ஒரே இரவில் பல நூறு கிலோமீட்டர் தாவியதுபோல் வரைபடம் காட்டும்.

இதனால் ஒவ்வொரு இருப்பிடத்துடனும் ஒரு தரக்குறியீடு சேர்ந்தே வருகிறது. 3 என்ற குறியீடு 250 மீட்டருக்குள்ளான பிழையையும், 1 என்பது 500 முதல் 1,500 மீட்டர் வரையிலான பிழையையும் குறிக்கும். ஒரு சுற்றில் மூன்றே சமிக்ஞைகள் கிடைத்தால் ஏ, இரண்டே கிடைத்தால் பி. இந்த இரண்டு குறியீடுகளும் பிழை அளவு எதையும் சொல்வதில்லை. கடலாமைத் தரவில் பெரும்பகுதி இப்படிப்பட்ட தரம் குறைந்த புள்ளிகளே. ஒரு வகுப்பில் இத்தரவைக் கற்பிப்பவர்கள் முதலில் சொல்லித்தர வேண்டியது இதைத்தான் என்பது என் உறுதியான கருத்து: புள்ளிகளைக் கோட்டால் இணைப்பதற்கு முன், எந்தப் புள்ளியை நம்பலாம் என்று தீர்மானிக்க வேண்டும்.

அதற்குப் பள்ளிக் கணக்கே போதும். 11,500 கிலோமீட்டரை 368 நாட்களால் வகுத்தால் நாளுக்குச் சுமார் 31 கிலோமீட்டர், மணிக்கு 1.3 கிலோமீட்டர். ஆறு மணி நேர இடைவெளியில் 120 கிலோமீட்டர் தள்ளி ஒரு புள்ளி விழுந்தால், மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் ஆமை நீந்தியதாக ஆகிவிடும். அந்தப் புள்ளியை நீக்கிவிடலாம். தூரத்தைக் கணக்கிடும்போது பூமியின் வளைவையும் மறந்துவிடக்கூடாது: நிலநடுக்கோட்டில் ஒரு பாகை தீர்க்கரேகை இடைவெளி சுமார் 111 கிலோமீட்டர், 30 பாகை அட்சரேகையில் அது 96 கிலோமீட்டர்தான்.

இந்தக் கணக்கு இன்னொன்றையும் காட்டித் தருகிறது. பாஹாவிலிருந்து சென்டாய் வரை உருண்டைப் பரப்பின் மீதான மிகக் குறுகிய பாதை சுமார் 9,200 கிலோமீட்டர்தான். ஆனால் அது 48 பாகை வட அட்சம் வரை, குளிர்ந்த கடலுக்குள் வளைந்து செல்கிறது. குளிர்ந்த நீரில் பெருந்தலை ஆமை சோர்ந்துவிடும். அடெலிட்டா தெற்கே வெதுவெதுப்பான நீரிலேயே, கூடுதல் தூரம் நீந்திப் போனது. மாணவர்கள் ஆமையின் தடத்தின் மேல் கடற்பரப்பு வெப்பநிலை வரைபடத்தையும் வைத்துப் பார்ப்பது இத்தகைய காரணங்களைத் தேடித்தான்.

சமிக்ஞை நின்றுபோனால் ஆமை இறந்துவிட்டதாக முடிவு கட்டக்கூடாது. மின்கலம் தீர்ந்திருக்கலாம், ஆன்டெனா ஒடிந்திருக்கலாம், கருவியே உதிர்ந்திருக்கலாம். ஆனால் தரம் குறைந்த புள்ளிகளே வந்துகொண்டிருந்த கருவியிலிருந்து திடீரென்று 3ஆம் தரப் புள்ளிகள் தொடர்ந்து வரத் தொடங்கினால், அது நீருக்கு வெளியே, பெரும்பாலும் ஒரு படகின் மேல், இருக்கிறது என்று ஐயப்பட இடமுண்டு. அடெலிட்டாவின் கடைசிச் சமிக்ஞைகள், ஆமையால் இயலாத வேகத்தில் ஒரு ஜப்பானிய மீன்பிடித் துறைமுகத்தை நோக்கி நகர்ந்தன. அது வலையில் சிக்கியிருக்கக்கூடும் என்ற முடிவுக்கு ஆய்வாளர்கள் வந்தது இதை வைத்தே.

இதே முறையில் பின்னர் பல ஆமைகளைத் தொடர்ந்தபோது, பாஹாவின் கரையோரத்தில் அவை கூடி மேயும் பகுதியும் சிறு படகுகள் மீன்பிடிக்கும் பகுதியும் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்திருப்பது தெரிய வந்தது. அங்கு ஆண்டுக்குக் குறைந்தது ஆயிரம் பெருந்தலை ஆமைகள் வலைகளிலும் தூண்டில்களிலும் சிக்கி மடிகின்றன என்று 2007இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. ஆய்வாளர்கள் அந்த விவரங்களை மீனவர்களோடு பகிர்ந்துகொண்டார்கள். அவர்களில் ஒரு சாரார் நீண்ட தூண்டில் கயிறுகளைப் பயன்படுத்துவதையே கைவிட்டார்கள்.