கேரவனுக்குள் பெய்த மழை

விடிகாலை ஐந்து மணி இருக்கும். நெற்றியில் சொட்டென்று ஒரு துளி. திரும்பிப் படுத்தேன், காதோரம் இன்னொன்று. வெளியே நசநசவென்று மழை பெய்துகொண்டிருந்தது. "கூரை ஒழுகுது, எழுந்திரு" என்று மனைவியை எழுப்பி, இருந்த ஒரே பாத்திரத்தைத் தலைமாட்டில் வைத்துவிட்டு, மிச்ச இரவை உட்கார்ந்தே கழித்தோம்.

இடம் ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் தென்கடற்கரை. நரூமா என்ற சிறிய ஊர். ஜூலை மாதம், அதாவது அங்கே நடுக்குளிர்காலம். கேரவன் என்றதும் நடிகர்கள் மேக்கப் போடும் ஏசி வண்டி நினைவுக்கு வந்தால் அதை மறந்துவிடுங்கள். இது காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போகும் பெட்டி வீடு. உள்ளே ஒரு கட்டில், ஒரு அடுப்பு, முட்டி இடிக்கும் ஒரு மேசை. அவ்வளவுதான்.

காலையில் பக்கத்து வண்டியில் இருந்த பெரியவர், நான் கூரைமேல் பூசப் பசை தேடுவதைப் பார்த்து வந்தார். உள்ளே எட்டிப் பார்த்தார், கூரை ஜன்னலின் அலுமினியச் சட்டத்தை விரலால் வழித்தார். "ராத்திரி எல்லாவற்றையும் மூடிவிட்டுத்தானே படுத்தீர்கள்?" என்றார். ஆமாம் என்றேன். "இது மழை இல்லை. நீங்கள் இரண்டு பேரும் விட்ட மூச்சு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. கண்ணாடிகளையும் சட்டங்களையும் துணியால் துடைத்துத் துடைத்து ஒரு டம்ளரில் பிழிந்தேன். டம்ளர் நிறைந்து, இன்னொன்றில் பாதி வந்தது. அதற்கப்புறம்தான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

எங்கள் கேரவன் உள்ளளவில் 5 மீட்டர் நீளம், 2.2 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரம். ஆக 22 கன மீட்டர் காற்று. 20 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டரில் அதிகபட்சம் 17.3 கிராம் நீராவிதான் ஆவியாகவே இருக்க முடியும். காற்று என்னவோ பஞ்சு மாதிரி தண்ணீரைப் பிடித்து வைப்பதாக இதைச் சொல்வார்கள். உண்மையில் அப்படி எதுவும் இல்லை. அந்த வெப்பநிலையில் நீர் மூலக்கூறுகள் பறந்து போவதும் திரும்பி ஒட்டுவதும் சமமாகிற அளவு அது. ஆனாலும் கணக்குக்குப் பாத்திரம் என்று வைத்துக்கொள்வதில் தப்பில்லை. முழுக் கேரவனுக்கும் பாத்திரத்தின் கொள்ளளவு 380 கிராம். அரை லிட்டர்கூட இல்லை.

தூங்குகிற ஒருவரின் மூச்சிலும் தோலிலும் இருந்து மணிக்கு ஏறக்குறைய 40 கிராம் நீர் ஆவியாகப் போகிறது. இரண்டு பேர், எட்டு மணி நேரம்: 640 கிராம். பாத்திரம் காலியாக இருந்திருந்தாலே வழிந்திருக்கும். அது காலியாகவும் இல்லை. சாப்பாடு, குளியல், நனைந்த மழைக்கோட்டு எல்லாம் ஏற்கெனவே பாதிக்கு மேல் நிரப்பி வைத்திருந்தன.

இன்னொரு கோளாறும் உண்டு. இரவில் ஹீட்டரை அணைத்துவிட்டுப் படுத்தோம். விடிவதற்குள் உள்ளே 13 டிகிரிக்கு வந்துவிட்டது. அந்த வெப்பநிலையில் ஒரு கன மீட்டருக்கு 11.4 கிராம்தான் கணக்கு. மொத்தக் கொள்ளளவு 250 கிராமாகச் சுருங்கிவிட்டது. ஒரு பக்கம் நாங்கள் ஊற்றிக்கொண்டே இருக்கிறோம், மறுபக்கம் பாத்திரம் சிறுத்துக்கொண்டே போகிறது.

வழிகிறது எங்கே வழியும் என்றால், இருப்பதிலேயே குளிர்ந்த பரப்பில். பள்ளிக்கூடத்தில் பனிநிலை என்று படித்திருப்போம். 20 டிகிரியில் 60 சதவீத ஈரப்பதம் உள்ள காற்றின் பனிநிலை 12 டிகிரி. அதற்குக் கீழே குளிர்ந்திருக்கிற எதைத் தொட்டாலும் அந்தக் காற்று அங்கே தண்ணீரை விட்டுவிடும். வெளியே 8 டிகிரி. அலுமினியச் சட்டத்தில் வெப்பம் மரத்தைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் சுலபமாகக் கடந்துவிடும். அதனால் சட்டத்தின் உள்பக்கமும் கிட்டத்தட்ட வெளிக்காற்றின் குளிர்ச்சியோடுதான் இருக்கும். எனக்கு நேர் மேலே இருந்தது அந்தச் சட்டம். ஃபிரிட்ஜில் இருந்து எடுத்த பாட்டில் மேசையில் வியர்ப்பது போல, எங்கள் கூரை வியர்த்துச் சொட்டியிருக்கிறது.

மூச்சைக் குறைக்க முடியாது. ஆனால் அடுப்பைக் கவனிக்கலாம். சிலிண்டர் எரிவாயுவில் உள்ள ஹைட்ரஜன் எரியும்போது காற்றின் ஆக்ஸிஜனோடு சேர்ந்து தண்ணீராகிறது. ஒரு கிலோ எரிவாயு எரிந்தால் 1.6 கிலோ தண்ணீர் ஆவியாக வரும். கேரவன்களில் வழக்கமாக வைக்கும் 9 கிலோ சிலிண்டர் ஒன்று தீரும்போது ஏறக்குறைய 14 லிட்டர் தண்ணீரைக் காற்றில் விட்டிருக்கும். எரிகிறது நெருப்பு, வெளியே வருவது தண்ணீர்! சோறு வடிக்கும் ஆவியும் ரசம் கொதிக்கும் ஆவியும் இதற்கு மேல். முந்தின நாள் மழைக்கு இதமாக ரசம் வைத்ததும் நான்தான்.

குளிருக்கு எரிவாயு அடுப்பையே பற்றவைத்து உட்காருகிறவர்களும் இருக்கிறார்கள். அது ஈரத்தோடு போகிற விஷயம் இல்லை. மூடிய சின்ன இடத்தில் கார்பன் மோனாக்சைடு சேர்ந்தால் தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். தயவுசெய்து வேண்டாம். டீசல் ஹீட்டரில் எரிப்பு தனி அறைக்குள் நடந்து புகை குழாய் வழியாக வெளியே போய்விடுகிறது. உள்ளே வருவது சூடான காற்று மட்டும்தான், கூடுதல் ஈரம் கிடையாது.

சரி, பெரியவர் சொன்ன ஜன்னல் விஷயத்துக்கு வருவோம். வெளியே மழை. காற்றில் 95 சதவீத ஈரப்பதம். ஜன்னலைத் திறந்தால் அந்த ஈரமும் சேர்ந்து உள்ளே வராதா? வரும். ஆனால் எவ்வளவு வரும் என்பதில்தான் சூட்சுமம். 8 டிகிரி காற்றில் ஒரு கன மீட்டருக்கு அதிகபட்சமே 8.3 கிராம்தான், அதில் 95 சதவீதம் என்றால் 7.9 கிராம். அதே காற்று உள்ளே வந்து 18 டிகிரிக்குச் சூடானால், அங்கே அதிகபட்சம் 15.4 கிராம் ஆகிவிடுவதால், ஈரப்பதம் ஏறக்குறைய 50 சதவீதமாக இறங்கிவிடுகிறது. ஒரு சொட்டு நீரையும் எடுக்காமலே, வெளியே நனைந்த காற்று உள்ளே உலர்ந்த காற்றாகிவிட்டது. சதவீதத்தை நம்பி ஏமாறுகிற இடம் இதுதான். ஈரப்பதச் சதவீதம் எப்போதும் அந்தந்த வெப்பநிலையின் அதிகபட்சத்தோடு ஒப்பிட்டுச் சொல்வது. இருக்கிற தண்ணீரின் எடையைச் சொல்வது இல்லை.

உள்ளே ஒரு கன மீட்டரில் 12 கிராம் இருக்கிறது என்று வையுங்கள். அது வெளியே போய் 7.9 கிராம் காற்று உள்ளே வந்தால், ஒவ்வொரு கன மீட்டருக்கும் 4 கிராம் தண்ணீர் வெளியேறும். இரண்டு பேரும் மணிக்கு 80 கிராம் விடுகிறோம். ஆக மணிக்கு 20 கன மீட்டர் காற்று மாறினால் போதும்; கேரவனின் காற்று மணிக்கு ஒரு தடவை மாறுவதற்குச் சமம். கூரை ஜன்னலை இரண்டு விரல் அகலமும், எதிர்ப்பக்க ஜன்னலை ஒரு விரல் அகலமும் திறந்து வைத்தால் நடந்துவிடுகிற காரியம். அவ்வளவு குளிர்காற்றைச் சூடாக்க ஆகும் செலவு 70 வாட்டுக்கும் குறைவு. பழைய குண்டு பல்பு ஒன்று எரிகிற அளவு. மறுநாள் இரவு ஹீட்டரை மெதுவாக ஓடவிட்டு, ஜன்னல்களையும் திறந்து வைத்துப் படுத்தோம். காலையில் கண்ணாடியின் கீழ்விளிம்பில் மட்டும் கொஞ்சம் வியர்வை. டம்ளரில் ஊற்றும் அளவுக்கு இல்லை.

நான் வளர்ந்தது நாகப்பட்டினத்தில். மழை என்றால் முதலில் ஜன்னலைச் சாத்து என்பதுதான் எங்கள் வீட்டுச் சட்டம். அந்தச் சட்டம் தப்பில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் வெளியே 25 டிகிரி, 90 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் ஒரு கன மீட்டரில் 20 கிராமுக்கு மேல் நீராவி. வீட்டுக்குள்ளும் அதே 25 டிகிரிதான். காற்றைச் சூடாக்க அங்கே எதுவும் இல்லை. ஜன்னலைத் திறந்தால் 90 சதவீதம் அப்படியே உள்ளே வந்து உட்காரும். அப்பளம் நமுத்துப் போகும், கொடித்துணி மூன்று நாளானாலும் காயாது. ஏசி ஓடுகிற அறையில் திறந்தால் இன்னும் மோசம். திறப்பதா மூடுவதா என்பதை மழை முடிவு செய்வதில்லை; உள்ளே வெளியைவிடச் சூடா, குளிரா என்பதே முடிவு செய்கிறது. அம்மாவிடம் போனில் இதை விளக்கப் பார்த்தேன். "எதுக்கும் சாத்திட்டே படு" என்றாள்.

நரூமாவுக்குத் தெற்கே குலாகா என்ற மலை இருக்கிறது. 806 மீட்டர் உயரம். யூவின் பழங்குடி மக்கள் அதைத் தாயாகக் கருதுகிறார்கள். ஒரு நாள் மழை விட்டிருந்தபோது பார்த்தேன்: சுற்றிலும் வானம் வெளுத்திருக்க, மலையின் தலையில் மட்டும் ஒரு மேகத் தொப்பி. கடலில் இருந்து வரும் ஈரக்காற்று மலையில் மோதி மேலே ஏறுகிறது. ஏற ஏற விரிகிறது. விரிவதால் 100 மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு டிகிரி வீதம் குளிர்கிறது. 15 டிகிரியில், முக்கால் பங்கு ஈரப்பதத்தோடு புறப்பட்ட காற்று 500, 600 மீட்டரைத் தொடும்போது பனிநிலைக்கு வந்துவிடும். அங்கே மேகம். என் தலைமாட்டு அலுமினியச் சட்டத்தில் நடந்ததும் அதேதான். அந்தக் கடற்கரை நெடுக மலைத்தொடர் கடலை ஒட்டியே ஓடுவதால், கடல்காற்று வீசினாலே சாரல்தான். குளிர்காலத்தில் கரையோரத்தில் உருவாகும் காற்றழுத்தத் தாழ்வுகள் இதற்கு மேல். 2007 ஜூனில் அப்படி ஒன்று, அதே மாநிலத்தின் நியூகாசில் துறைமுகத்துக்கு வெளியே நின்ற பாஷா பல்கர் என்ற பெரிய சரக்குக் கப்பலைக் கொண்டுவந்து கடற்கரை மணலில் ஏற்றிவிட்டது. கேரவன் எம்மாத்திரம்!

பத்து நாள் கழித்து எங்களுக்கு ஒரு வீடு கிடைத்தது, இனாமாக. வீட்டுக்காரர்கள் குளிருக்குப் பயந்து வடக்கே குவீன்ஸ்லாந்துக்குப் போவார்கள். திரும்பும்வரை நாயையும் கோழிகளையும் பார்த்துக்கொண்டு நாம் அங்கே தங்கலாம். ஹவுஸ் சிட்டிங் என்பார்கள். வீட்டுக்காவல் என்று தமிழில் சொன்னால் போலீஸ் வந்து நிற்பது போல ஆகிவிடும், எனவே வேண்டாம்.

கேரவனில் பாடம் படித்தாயிற்று, இனி எனக்கு எல்லாம் தெரியும் என்ற மிதப்பில் இருந்தேன். ஹீட்டர் செலவை மிச்சப்படுத்த, புழங்காத பின்னறையை மூடி வைத்தேன். மூன்றாம் வாரம் அதைத் திறந்தபோது பூசண வாடை முகத்தில் அடித்தது. அலமாரியை நகர்த்தினால், பின்சுவரில் உள்ளங்கை அளவுக்குக் கறுப்புப் புள்ளிகள். அதன் அடித்தட்டில் இருந்த வீட்டுக்காரரின் தோல் ஷூவில் பச்சை பூத்திருந்தது. சுவரில் எங்கேயும் ஒரு துளி தண்ணீர்கூட இல்லை.

இங்கேதான் நான் கோட்டை விட்டேன். பூசணத்துக்குத் துளி தேவையில்லை. அது ஒட்டியிருக்கிற பரப்பை ஒட்டிய காற்றில் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டிச் சில நாள் நின்றால் போதும். கூடத்தில் 20 டிகிரி, 60 சதவீதம். யாருக்கும் குறை சொல்லத் தோன்றாது. ஆனால் நீராவி கதவிடுக்கு வழியாக எங்கும் பரவிவிடும், சூடு அந்த வேகத்தில் பரவாது. அந்தக் கூடத்துக் காற்றே 14 டிகிரியில் இருக்கிற சுவரைத் தொட்டால் அங்கே ஈரப்பதம் 85 சதவீதத்துக்கு மேல். கதவை மூடியதால் அறைக்குச் சூடு போகவில்லை. சுவரை ஒட்டிய அலமாரி, இருந்த கொஞ்சச் சூட்டையும் சுவருக்குப் போகவிடாமல் மறைத்தது. தெற்கு பார்த்த சுவர் வேறு. தென்னரைக்கோளத்தில் குளிர்கால வெயில் வடக்கே இருந்துதான் விழும், அந்தச் சுவர் வெயிலையே பார்ப்பதில்லை. கேரவன் மெத்தையின் அடியிலும் இதே கதை நடக்கும். உடம்பின் ஈரம் மெத்தைக்குள் இறங்கி, கீழே இருக்கிற குளிர்ந்த பலகையில் தங்கிவிடும். மேலே தொட்டால் காய்ந்திருக்கும்; தூக்கிப் பார்த்தால்தான் தெரியும். பலகைக்குப் பதில் இடைவெளி விட்ட சட்டங்கள் போடுவது இதற்காகத்தான்.

கடைக்குப் போய் ஈரம் உறிஞ்சும் டப்பாக்கள் நாலு வாங்கினேன். உள்ளே இருப்பது கால்சியம் குளோரைடு. ஈரப்பதம் 30 சதவீதத்தைத் தாண்டினாலே அது காற்றில் இருந்து தண்ணீரை இழுத்து, அந்தத் தண்ணீரிலேயே தானும் கரைந்துவிடும். நம் சமையலறை உப்பு 75 சதவீதத்தில் இதைச் செய்யும். மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிவது அதனால்தான். கடலோரத்தில் காரின் கைப்பிடி பிசுபிசுப்பதற்கும் கேரவனின் கீல்கள் சீக்கிரம் துருப்பிடிப்பதற்கும் இதே உப்புதான் காரணம்: அலைத்தூறலில் வந்து படியும் உப்பு, மழை விட்ட பிறகும் காற்றில் இருந்து ஈரத்தை இழுத்து இரும்பை நனைத்தபடியே வைத்திருக்கும். மழை மேல்பக்கத்தைக் கழுவிவிடும். அடிச்சட்டத்தை நாம்தான் ஹோஸ் பிடித்துக் கழுவ வேண்டும்.

டப்பாக்கள் ஒரு வாரத்தில் ஆளுக்குக் கால் லிட்டர் பிடித்தன. மூடிய அலமாரிக்குச் சரி. குடும்பம் புழங்குகிற வீட்டுக்கு யானைப் பசிக்குச் சோளப்பொரி. சுவரை வினிகர் போட்டுத் துடைத்தேன், கதவைத் திறந்து வைத்தேன், அலமாரியைச் சுவரில் இருந்து நாலு விரல் தள்ளிப் போட்டேன். ஷூவைத் துடைத்து வெயில் வந்த ஒரே நாளில் வடக்குத் திண்ணையில் வைத்தேன். நாய் அதில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. பூசணத்துக்கான விளக்கத்தை வீட்டுக்காரருக்கு எழுதி வைத்திருந்தேன். ஷூவுக்குத்தான் இன்னும் எழுதவில்லை.